சவலை என்று எழுதிய மகனுக்கு

கோவிந்தா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பாகூர்ச் சந்தைக்குப் போன உன் அப்பா, வழியில் தபால்காரரைப் பார்த்து வாங்கி மடியில் செருகிக்கொண்டு வந்தார். பதில் எழுதும்போது முதலில் சுகம் விசாரிப்பது என் வழக்கம். இந்த முறை அதை விட்டுவிட்டேன். நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. அம்பாளுக்கு விளக்கேற்றி, மனசு அடங்கட்டும் என்று அவள் எதிரிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடங்கவில்லை. அடங்காத மனசோடு எழுதுகிறேன். படிக்க உனக்குக் கசந்தால், எனக்கு எழுதவும் அப்படித்தான் இருந்தது என்று தெரிந்துகொள்.

கல்யாண வேலைகளை எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறாய். வில்லியனூர்க் கோயிலில் முகூர்த்தம், மேளத்துக்கு யார், வண்டி எத்தனை, பெண்ணின் அப்பா கோர்ட்டில் வேலை பார்ப்பதால் புதுச்சேரியிலிருந்து வெள்ளைக்காரத் துரைமார் சிலரும் வரக்கூடும், ஆகையால் மணவறையில் எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்பதுவரை ஒன்றையும் மறக்கவில்லை. அதற்கெல்லாம் கீழே, இடம் மிச்சமிருந்ததால் எழுதியதுபோல இதை எழுதியிருக்கிறாய்: "தாலி முடிச்சுப் போடப் பெரியப்பா மகள் சரோஜாவை நிறுத்திக்கொள்ளலாம். அக்கா சவலை. அத்தனை பேர் முன்னால் கை நடுங்கிக்கொண்டு நின்றால் நமக்குத்தான் அவமானம். நல்ல புடவையாக எடுத்துக் கொடுத்து, அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுங்கள்."

நீ முதல் முடிச்சைப் போட்டால், மற்ற இரண்டையும் உன் கூடப் பிறந்தவள் போட வேண்டும். பெண்ணுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் அவளுக்குத்தான் உரிமை. உனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான். அவளை வீட்டில் வைத்துப் பூட்டச் சொல்லி, பூட்டுக்குப் பதிலாக ஒரு புடவையும் தருகிறாய்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. நீ சின்னப் பையனாக உரக்கப் பாடம் படித்தபோது, நெல் குத்துகிற உலக்கையை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, உன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எழுத்தைப் பிடித்துக்கொண்டவள். அதனால் ஒரு சொல்லைப் பார்த்ததும் தாண்டிப் போக எனக்குத் தெரியாது. எழுத்துக் கூட்டி, இது எதைச் சொல்கிறது என்று நின்று பார்த்துத்தான் அடுத்ததற்குப் போவேன். சவலை என்கிற சொல்லில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். நீ நிற்காமல் எழுதிவிட்டாய்.

நம் பக்கத்தில் அதை எதற்கெல்லாம் சொல்கிறோம் என்று யோசித்துப் பார். மாடு மறுபடி சினைப்பட்டு மடி வற்றினால், முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் காது தொங்க நிற்கிறதே, அதைச் சவலைக் கன்று என்கிறோம். வரப்போரத்துப் புங்கமரம் வெயிலை எல்லாம் தான் எடுத்துக்கொண்டால், அடியில் வெளிறிப்போய் நிற்கும் பயிரைச் சவலை பாய்ந்துவிட்டது என்கிறார் உன் அப்பா. நோஞ்சான் என்றால் அது உடம்பைப் பற்றிய பேச்சு. சோம்பேறி என்றால் குணத்தைப் பற்றியது. மந்தம் என்றால் புத்தியை. சவலை என்று சொன்னால் மட்டும், அந்த உயிருக்குச் சேர வேண்டியது வேறெங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். இந்த வீட்டில் கணக்கு எழுதுகிறவள் நான். ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருத்தியைச் சவலை என்றால், அவள் பாலைக் குடித்தவன் ஒருவன் இருக்கிறான். அதை நீ எழுதக் கூடாது, கோவிந்தா. ஊரில் யார் வேண்டுமானாலும் எழுதட்டும், நீ எழுதக் கூடாது.

உன் அக்கா அஞ்சலை தவழ்ந்துகொண்டிருந்தபோது நீ என் வயிற்றில் வந்தாய். தெரிந்த அன்றைக்கே என் மாமியார் வாசலில் இருந்தபடி சத்தம் போட்டுச் சொல்லிவிட்டார். "இனிமே அந்தப் புள்ளைக்குப் பால் குடுக்காத. வவுத்துல இருக்கறது ஆம்பளப் புள்ள, மொகத்துலயே தெரியுது. இது குடிச்சா அதுக்கு இன்னா மிஞ்சும்?" வேப்பிலையை அவரே அம்மியில் அரைத்து என் மார்பில் தடவிவிட்டார். பால் மறக்கடிக்க எல்லா வீட்டிலும் செய்வதுதான். மற்றப் பிள்ளைகள் ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிடும். உன் அக்கா திரும்பவில்லை. வாய் வைத்தாள், அழுதாள், அழுதுகொண்டே அந்த விழுதை நக்கி நக்கித் துப்பிவிட்டு மறுபடி வாய் வைத்தாள். அதைப் பார்த்து என் மாமியார் சிரித்தார். "கெட்டிக்காரிடி உன் பொண்ணு," என்று சொல்லிக்கொண்டே அவளை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவளுக்குக் கஞ்சித் தண்ணீர்தான். கெட்டிக்காரி என்று அவளை இந்த வீட்டில் யாராவது சொன்னது அந்த ஒரு தடவைதான்.

வயிறு உப்பி, கைகால் குச்சியாகி, உட்கார்ந்த இடத்தை விட்டு அவள் நகராமல் கிடந்தபோது, தவிட்டுக்குக் கொடுத்து எடுக்கலாம் என்றார்கள். பிழைக்காது என்று தோன்றும் பிள்ளையை வேறொருத்தியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிட்டால், அது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று எமன் ஏமாந்து போவான் என்பது நம்பிக்கை. பிறகு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். நெல் குத்த வந்துகொண்டிருந்த கன்னியம்மா, முறத்தில் தவிட்டைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, வாசற்படிக்கு வெளியே நின்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள். விற்றது பேருக்குத்தான், பிள்ளை எங்களோடுதான் கிடந்தது. ஆனாலும் என் மாமியார் உடனே தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கவில்லை. "தேறட்டும், அப்பறம் பாத்துக்கலாம். இது தேறலன்னா தவிடும் போச்சி," என்றார். ஒரு முறம் தவிட்டை என் பிள்ளைக்கு மேலாக எடைபோட்டார் அவர். நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்குத் திறக்கத் தெரியாது.

கன்னியம்மாவுக்குக் கைக்குழந்தை இருந்தது. வேலைக்கு வரும்போதெல்லாம், "எங்க என் தவுட்டுப் பொண்ணு? காசு குடுக்காம வாங்கினவ, எங்க?" என்று கேலி பண்ணிக்கொண்டே அஞ்சலையைத் தூக்கிக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போவாள். ஒரு நாள் நான் போய்ப் பார்த்தேன். தன் பிள்ளையை ஒரு பக்கமும் என் பிள்ளையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துபோய், "யம்மா, பெரிய யம்மாகிட்ட சொல்லிடாத. எங்க பாலக் குடிச்சிதுன்னா உங்க வூட்ல சேக்க மாட்டாங்க," என்றாள். "நீ குடு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிள்ளையின் முகத்தில் தெளிவு வந்தது, எழுந்து நின்றாள். தவிட்டின் மகிமை என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நடவு முடிந்து கன்னியம்மாவின் ஆட்கள் வேறு ஊருக்குப் பிழைக்கப் போனபோது, தவிட்டை வாங்கிக்கொண்டு அஞ்சலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுபடியும் கஞ்சித் தண்ணீர். நீ பிறந்தாய். உன் பெயரைப் பிறப்புக் கணக்கில் பதிய, உன் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு மேரி என்கிற கொம்யூன் ஆபீசுக்கு நடந்தே போனார். அஞ்சலை ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, நீ குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பார்த்தால் உனக்குக் கண்பட்டுவிடும் என்று அவளைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். இதையெல்லாம் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்கவும் உனக்குத் தோன்றியிருக்காது.

பிள்ளைக்குப் பல் முளைத்து, சோறு தின்று, நடக்கவும் பேசவும் வந்த பிறகு அந்தச் சொல் போயிருக்க வேண்டும். கன்று வளர்ந்து மாடான பிறகு யாரும் அதைச் சவலைக் கன்று என்பதில்லை. உன் அக்காவை மட்டும் அது விடவில்லை. குடத்தைச் சாய்த்தால் சவலை, கூப்பிட்டதும் வராவிட்டால் சவலை, வந்தால் "சவலை வந்துட்டா, தள்ளி ஒக்காருங்க." ஏரி நிரம்பிக் கலிங்கல் வழிந்த வருஷம் உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. பள்ளிக்கூடத்துப் பாதையெல்லாம் தண்ணீர். உன்னைவிட ஒரு பிடி உயரம்கூட இல்லாதவள் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். கொழுத்துப் போயிருந்தாய் நீ. வரப்பில் நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள். "அடடே, சவலை குண்டனத் தூக்கிக்கினு போவுது பாருடா! டேய் குண்டா, எறங்குடா, அவள நீ தூக்குடா!" அவளுக்கும் சிரிப்பு வந்து, கால் இடறி, இரண்டு பேரும் சேற்றில் விழுந்தீர்கள். வீட்டுக்கு வந்து நீ என்ன சொன்னாய்? "அக்கா ஒழுங்காத் தூக்க மாட்டேங்கறா. அவ சோம்பேறி." அன்றைக்கு அவளுக்கு அடி, உனக்கு வெந்நீர்க் குளியல். நீ சின்னப் பிள்ளை, கேட்டதைத் திருப்பிச் சொன்னாய். அதை நான் உன் மேல் போடவில்லை.

பண்டசோழநல்லூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்களே, அதையும் அன்றைக்கு நான் உன் மேல் போடவில்லை. உனக்கு மீசை அரும்பும் வயசு. நல்ல குடும்பம், சொந்தக் கரும்புத் தோட்டம், பையனும் சாது. பையனின் தாயார் வாய் நிறையப் பேசுகிறவர். பலகாரத் தட்டில் கைவைத்துக்கொண்டே உன்னை வம்புக்கு இழுத்தார். "ஏண்டா தம்பி, உங்கக்காவ நாங்க இட்டுக்கினு போயிட்டா அழுவியாடா?"

"நான் இன்னாத்துக்கு அழுவறேன்? அது சவலை. ஒரு கொடம் தண்ணி எடுத்தாரதுக்குள்ள எங்க வூட்ல சோறே வெந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தார், உன் அப்பாவும் சிரித்தார். காபித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அஞ்சலை சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, பிறகு வந்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்தாள். கை நடுங்கித் தட்டில் கொஞ்சம் சிந்தியது. அவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பதில் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு அந்த அம்மாள், "பெத்தவங்க மறைச்சிட்டாங்க. கூடப் பொறந்த புள்ள வாயிலேருந்து உண்மை வந்துடுச்சி. வேற சாட்சி எதுக்கு எங்களுக்கு?" என்றாராம். அந்தப் பேச்சு அங்கேயே நிற்கவில்லை. மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்துகூட அதற்குப் பிறகு வந்தவர்கள் இரண்டாந்தாரம் தேடியவர்கள்தான். உன் அப்பா வேண்டாம் என்றார். வருஷங்கள் போய்விட்டன. அவள் இங்கேதான் இருக்கிறாள். நீ மீசை அரும்பும் வயசில் சொன்னதை நான் விட்டுவிட்டேன். இப்போது மேசை போட்டு, மை தொட்டு, யோசித்து, அதே சொல்லை எழுதியிருக்கிறாய். இதை எப்படி விடுவேன்?

அவள் கை நடுங்கும் என்று நீ எழுதியது பொய்யில்லை. நடுங்கத்தான் செய்கிறது. எதையும் மெதுவாகத்தான் செய்வாள். அவளை வேறு மாதிரி உன்னிடம் காட்ட நான் வரவில்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் உன் கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து, உலக்கையை உரலில் நட்டு வைத்து, மஞ்சள் தடவிய நூலை அதன் கழுத்தில் போட்டு முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி இது, ஒலக்கைக்குக் கல்யாணமா?" என்றேன். "மேளம் கொட்டறப்ப எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம்னு கத்துவாங்கம்மா. அப்ப எனக்குக் கை ஓடாது. இப்பவே பழகிக்கினா ஓடும்ல," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவளும் சிரித்தாள். உலக்கைக்குப் பொட்டு வைத்து, "பொண்ணு கொஞ்சம் ஒல்லி," என்றாள்.

உன் கடிதத்தை நான் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அவள் எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நடுவில் நிறுத்தியதைக் கவனித்துவிட்டாள்.

"இன்னா எழுதியிருக்கான்?"

"கல்யாண வேலையப் பத்திதான்."

"என்னப் பத்தி?"

பொய் சொல்லியிருக்கலாம். சுவாமி படத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தேன், வாய் வரவில்லை. படித்தேன். கையிலிருந்த கீரையை முழுக்க ஆய்ந்து முறத்தில் போட்டுவிட்டு அவள் கேட்டாள். "சவலைன்னா எழுதியிருக்கான்?"

"ஆமாம்டி."

"எங்க, காட்டு."

காட்டினேன். எழுத்தறியாத பிள்ளை, விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை இழுத்துப் பார்த்தாள். "இத்துனூண்டுதானா?" என்றாள்.

உன் அப்பா இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் திறந்தார். "எழுதிப் போடு அவனுக்கு. முடிச்சு அஞ்சலைதான் போடணும். இல்லன்னா நான் பந்தல்ல காலெடுத்து வெக்க மாட்டேன்."

"வேணாம்பா," என்றாள் அவள். "நீங்க மெரட்டி, அவன் சரின்னு சொல்லி, நான் போய் அங்க நிக்கணுமா? கை நடுங்குதா நடுங்குதான்னு அவன் என் கையவே பாத்துக்கினு நிப்பான். அந்தப் பொண்ணு கழுத்துல கட்ற நேரத்துல எனக்கு அது வேணாம். நான் போவல." குரல் ஏறவில்லை. அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். உலக்கையிலிருந்து நூலை அவிழ்த்துச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டுக் கீரையை அலசப் போனாள்.

ஆகையால் இந்தக் கடிதம் அவளுக்காக உன்னிடம் கேட்க எழுதியதில்லை. கேட்கும் இடம் தாண்டிவிட்டது. மனசு மாறி, அவளே வரட்டும் என்று நீ எழுதினாலும் அவள் வரமாட்டாள். வண்டி அனுப்பாதே. புடவையும் அனுப்பாதே, அனுப்பினால் அப்படியே திரும்பி வரும். நானும் உன் அப்பாவும் வருவோம். அந்தப் பெண் உன்னை நம்பிக் கழுத்தை நீட்டுகிறாள், அவளுக்குப் பெரியவர்கள் ஆசீர்வாதம் இல்லாமல் போகக் கூடாது. பெற்றவள் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்வேன். சரோஜா முடிச்சுப் போடட்டும், கச்சிதமாகவே போடுவாள், துரைமாருக்கும் திருப்தியாக இருக்கும். ஊரார் உன் அக்கா எங்கே என்று கேட்டால் உடம்பு சரியில்லை என்று என்னைச் சொல்லச் சொல்லாதே. கேட்பவர்களை உன்னிடம் அனுப்பிவைப்பேன். நீயே சொல்லிக்கொள்.

உன்னைப் பெற்றதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. பால் போன இடத்துக்கு நீ வழி சொன்னவன் இல்லை. நீ கேட்டுப் பிறக்கவில்லை, அவளும் கேட்டு இளைக்கவில்லை. ஆனால் குடித்து வளர்ந்தவனுக்கு, குடிக்காமல் நின்றவளைப் பற்றிப் பேசும்போது நாக்கில் ஒரு கூச்சம் இருக்க வேண்டும். அது உனக்கு இல்லை. அதை எப்படி உனக்கு ஊட்டாமல் விட்டோம் என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற எல்லாவற்றையும் ஊட்டினோம்.

இதை முடிக்கும் முன் அவளைக் கூப்பிட்டு, "தம்பிக்கு உன் பேர்ல எதுனா எழுதணுமா?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனவள், உள்ளேயிருந்தபடியே குரல் கொடுத்தாள். அவள் சொன்னதை அவள் வாயிலிருந்து வந்தபடியே இங்கே எழுதுகிறேன், ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை:

"எழுதும்மா. மொதப் புள்ள பொறந்தா, அது தானா பால் மறக்கற வரைக்கும் இன்னொண்ணு வேணாம்னு எழுது. பொட்டப் புள்ளையா இருந்தாலும்."

உன் அம்மா